இன்னும் கொஞ்சம் பின்னால்

நெப்ராஸ்காவைக் குறுக்கே தாண்டி முடிப்பதற்குள் மனுஷனுக்கு ஒரு வயது கூடிவிடும் என்பது எங்கள் அயோவாக்காரர்களின் கேலி. மார்லிஸுக்கு அன்று காலை பத்து மணிக்கே இரண்டு வயது கூடியிருந்தது. இடது பக்கம் சோளம், வலது பக்கம் சோளம், நடுவே எங்கும் வளையாத ஒரு ரோடு. அதில் முப்பத்திரண்டு அடி நீளக் கேரவன் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அலமாரியில் தட்டுகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. ஐந்து வருஷமாக அதே தட்டுகள், அதே சத்தம்.

"சாட்ரன், எழுபத்தோரு மைல்," என்று ரோட்டோரப் போர்டை உரக்கப் படித்தார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் லைல். கொஞ்ச தூரம் போனதும், "நாய்க்குட்டி விற்பனைக்கு," என்றார். அதற்கப்புறம், "முன்னால் பாலம். பனி உறையும், ஜாக்கிரதை."

"செப்டம்பர் மாசத்துல ஏதுய்யா பனி?"

"போர்டுல இருக்கறதைப் படிச்சேன்."

"எனக்கும் கண்ணு இருக்கு, லைல்."

"இல்லேன்னு யார் சொன்னா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த போர்டையும் விடாமல் படித்தார்.

இந்தப் படிப்பு எதற்கு என்று தனக்குத் தெரியும் என மார்லிஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். கிழவர் பரீட்சைக்குத் தயாராகிறார். வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை.

வீட்டை விற்றுவிட்டு நிரந்தரமாகக் கேரவனில் திரிகிறவர்களுக்கும் சட்டப்படி ஒரு ஊர் வேண்டும். இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் சவுத் டகோட்டாவில் இருக்கிறது. அங்கே ஒரு ராத்திரி தங்கியதற்கு முகாம் ரசீது ஒன்றைக் காட்டினால் போதும், அந்த மாநிலத்து ஆளாகிவிடலாம். கடிதங்களை வாங்கி வைப்பதற்கென்றே கடை நடத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கடையின் தபால் பெட்டி எண்தான் வீட்டு விலாசம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஒரு மெஷினுக்குள் எட்டிப் பார்த்து எழுத்துகளைப் படித்துக் காட்ட வேண்டும்.

அந்த மெஷினைத்தான் மார்லிஸ் மலைபோல நம்பியிருந்தாள்.

லைலுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்துநாலு வருஷம் ஒரு தானியக் கிடங்கின் கவுண்டரில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்தே காலத்தை ஓட்டியவர். மார்லிஸுக்கு அறுபத்தொன்பது. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். அவர் உட்கார்ந்து சலித்தவர், அவள் நின்று சலித்தவள். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஊர் சுற்ற வேண்டும், அவளுக்கு எங்காவது உட்கார வேண்டும். கேரவனில் இரண்டும் நடக்கும் என்று லைல் கணக்குப் போட்டார். உட்கார்ந்தபடியே ஊர் சுற்றலாம் என்றார். வீடு விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று சந்தோஷத்தில் அழுதார். அழுகிற மனுஷனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மார்லிஸும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து எல்லா ஊரும் ஒரே ஊராகிவிட்டது. காலையில் கழிவுநீர்க் குழாயைக் கழற்று, மின்சார வயரைச் சுருட்டு, தட்டுகளை அடுக்கு, கிளம்பு. சாயங்காலம் அத்தனையும் தலைகீழாக. அரிசோனாவின் செம்பாறையும் உட்டாவின் வெள்ளைப் பாறையும் அவளுக்கு ஒரே அழுக்கு நிறத்தில் தெரிய ஆரம்பித்தன. கால் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் வராது. பசிக்கிறது என்றுகூட நேராகச் சொல்ல மாட்டோம், எதிரில் இருப்பவரைப் பார்த்து உங்களுக்குப் பசிக்கிறதா என்று கேட்போம். அவரும் பசித்தாலும் இல்லை என்பார். அப்புறம் இரண்டு பேரும் பட்டினி கிடப்போம். மார்லிஸ் அந்த மண்ணில் பிறந்தவள். கால் வலி வரும்போது, "உனக்குக் கால் வலிக்கலையா, லைல்?" என்று கேட்பாள். அவர் பெடல் மேல் காலை ஆட்டிக் காட்டி, "குதிரை மாதிரி இருக்கு," என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த வருஷம்தான் கடவுள் ஒரு வழி காட்டினார். மார்ச் மாதம் டெக்சஸில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது லைல் ஒரு கம்பத்தில் மோதினார். மே மாதம் அர்கன்சாஸில் ஒரு மரம். ஜூலையில் மிசௌரியில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்து, முகாம் முழுக்க வேடிக்கை பார்க்க நீரூற்று அடித்தது. பின்பக்கக் கேமரா செத்து இரண்டு வருஷமாகிறது. மார்லிஸ்தான் பின்னால் நின்று கையை ஆட்டி வழிகாட்டுவாள், அவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் கையைப் பார்த்து ஓட்டுவார். மூன்று தடவையும் இறங்கி வந்து, "என் தப்பு, உன் கையை நான் கவனிக்கலை," என்று அவரே சொன்னார்.

லைல் ஹாக்ஸ்ட்ரா தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வதா? நாற்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் நடக்காத அதிசயம். மிசௌரியில் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தபோதுதான் மார்லிஸுக்குப் புரிந்தது, கிழவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை மெஷின் அதைச் சொல்லிவிடும். லைசென்ஸ் கிடைக்காது. அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அவள் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு தேவாலயத்தில் போய் உட்காருகிறவள். கட்டின புருஷனுக்குக் கண் தெரியக்கூடாது என்று ஜெபம் பண்ணுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வார்த்தையை மாற்றிப் போட்டாள். ஆண்டவரே, உமது சித்தம்போல ஆகட்டும், ஆனால் வியாழக்கிழமைக்குள் ஆகட்டும்.

மத்தியானத்துக்கு மேல் சோளம் தீர்ந்து புல் மேடுகள் வந்தன. மணலின் மேல் புல் முளைத்து, ஒன்றன் பின் ஒன்றாக மேடுகள். மாடுகள் புள்ளி புள்ளியாக நின்றன. எல்லையைத் தாண்டியதும் புல் குட்டையாகி, ஈரமே இல்லாத வெட்டவெளியாகி, கடைசியில் தரை பிளந்து பாறைகள் கிளம்பின. லைல் ரோட்டோரம் பார்வையிடும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சின்னப் பையன் மாதிரி குதித்து இறங்கினார்.

"வா மார்லி! இதைப் பார்க்கத்தான் ரெண்டு நாளா சோளத்தைச் சகிச்சோம்."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப்போய்க் கம்பித் தடுப்பில் சாய்ந்தாள். எதிரே பள்ளத்தாக்கு நிறைய மேடும் குழியுமாக ஏதோ நின்றது. உழுதுவிட்டு அப்படியே மறந்துபோன வயல் மாதிரி இருந்தது. மேலே பால் கொட்டினாற்போல் ஒரு மூட்டம்.

"எப்படி?" என்றார் லைல்.

"மண்ணு."

"மண்ணா?"

"மண்ணுக்கு மண்ணுன்னுதானே சொல்லணும்? வயோமிங் பக்கம் காடு எரியுதா? ஒரே புகையா இருக்கே."

லைல் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பாறையைப் பார்க்கவில்லை. "ஆமா," என்றார். "புகைதான். இந்த வருஷம் ஜாஸ்தி." அப்புறம் அவள் முழங்கையைப் பிடித்து, படி இருக்கும் இடத்தில் "படி" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். தனக்கே படி தெரியாததால்தான் என் கையைப் பிடிக்கிறார் என்று மார்லிஸ் நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது.

ரசீதுக்காகத் தங்க வேண்டிய முகாம் பாறைகளுக்கு மேற்கே ஒரு காய்ந்த ஓடைக்கரையில் இருந்தது. நாலரை மணிக்கு உள்ளே நுழைந்தார்கள். அந்த நேரத்துக்கு முகாம்களில் எல்லோரும் மடக்கு நாற்காலியை வெளியே போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவன் வண்டியை எப்படிப் பின்னால் எடுத்து நிறுத்துகிறான் என்று பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. டிக்கெட் இல்லாத சர்க்கஸ். இருபது வருஷம் சண்டையே போடாத தம்பதிகூட அந்தப் பத்து நிமிஷத்தில் விவாகரத்து வரை போய்விட்டு வரும்.

மார்லிஸ் பின்னால் போய் நின்றாள். இடத்தின் கோடியில் மின்சார இணைப்புக் கம்பம் ஒன்று மங்கலாக நின்றது. இன்னும் நல்ல தூரத்தில் இருப்பதாகப் பட்டது.

"வா, வா! இடது பக்கம். உன் இடது இல்லைய்யா, என் இடது!"

"நம்ம ரெண்டு பேருக்கும் எத்தனை இடதுடி இருக்கு?" என்று ஜன்னலிலிருந்து தலை நீட்டினார் லைல்.

"பேசாம ஓட்டு. வா. இன்னும் கொஞ்சம் பின்னால. வா, வா..."

டொக் என்று சத்தம் கேட்டது. கண்ணாடி நொறுங்கிக் கீழே கொட்டியது. பின்பக்கச் சிவப்பு விளக்கு கம்பத்துக்கு இரையானது. நாற்காலி வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

லைல் இறங்கி வந்தார். கம்பத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "என் தப்பு," என்றார். "உன் கையை நான் கவனிக்கலை."

பக்கத்து இடத்து மனிதர் ஒருவர் பீர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "கவலைப்படாதீங்க பெரியவரே! போன வாரம் நான் என் பொண்டாட்டி மேலயே ஏத்தப் பார்த்தேன்."

"நான் தப்பிச்சுட்டேன்னு இன்னும் வருத்தப்படறான்," என்றாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தார். மார்லிஸ் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். நாலாவது மோதல். நாளைக்கு மெஷின் இந்த மனுஷனை ஒரு நொடியில் பிடித்துவிடும் என்று நினைத்தாள். மனசு லேசானது. அது லேசானதற்காக உடனே வெட்கமும் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரை விதையோடு கொத்துக்கறி போட்ட சில்லிக் குழம்பும் சோள ரொட்டியும் செய்தாள். அவருக்குப் பிடித்தது. தூக்குமேடைக்குப் போகிறவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவார்களாமே, அப்படித்தான் இதுவும் என்று நினைத்தபோது கரண்டி கையில் கனத்தது. லைல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"மார்லி, ஒரு யோசனை," என்றார். "நீ எதுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும்? வண்டி ஓட்டப்போறியா என்ன? வெறும் அடையாள அட்டை வாங்கிக்கோயேன். அதுக்குக் கியூ சின்னது. மெஷின் கிஷின் எதுவும் கிடையாது."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "பதினாறு வயசுலேருந்து லைசென்ஸ் வெச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை போலீஸ்காரன் என்னை நிறுத்தினதில்ல. உன்னை எத்தனை தடவை நிறுத்தினான்?"

"நாலு."

"அஞ்சு. கான்சஸை விட்டுட்டே. அப்போ யார் அடையாள அட்டை வாங்கணும்?"

"நான் சும்மா சொன்னேன்."

"நீ எதையும் சும்மா சொல்ற ஆள் இல்ல."

மார்லிஸுக்கு எரிச்சல் அடங்கவில்லை. தனக்குக் கிடைக்காததைப் பொண்டாட்டியும் வைத்திருக்கக்கூடாது என்று நினைக்கிற அற்பம் இந்த மனுஷனிடம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் மன்னித்தாள். இன்னும் ஒரு நாள்தானே, பயத்தில் பேசுகிறார் என்று தட்டுகளைக் கழுவி அடுக்கினாள்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ராப்பிட் சிட்டியில் அலுவலகத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எருமைப் படம் போட்ட காலண்டர். கவுண்டரில் இருந்த பெண் முகாம் ரசீதை வாங்கிப் பார்த்தாள்.

"விலாசம் அதேதானா?"

"அதேதான்மா," என்றார் லைல். "பெட்டி ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு. நாலு இஞ்சுக்கு நாலு இஞ்சு. நல்ல காத்தோட்டமான வீடு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மெஷினைக் காட்டினாள். லைல் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியை அதில் வைத்தார். மார்லிஸ் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் இதற்காக ஜெபித்தவளுக்கு இப்போது எழுந்துபோய் அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

"அஞ்சாவது வரி படிங்க."

லைல் படித்தார். பட்டாணி உடைத்துப் போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகப் படபடவென்று படித்தார். கேட்காமலே ஆறாவது வரியையும் படித்தார். ஏழாவது வரியில் பாதி போனதும் அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும் சார், போதும்! எனக்கே ஏழாவது வரி தெரியாது."

மார்லிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷம். இன்னும் ஐந்து வருஷம் குழாயைக் கழற்று, வயரைச் சுருட்டு, தட்டை அடுக்கு. அது முடியும்போது அவளுக்கு எழுபத்துநாலு. கவுண்டர்ப் பெண் மார்லிஸின் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

போய் நெற்றியை மெஷினில் வைத்தாள்.

"அஞ்சாவது வரி படிங்கம்மா."

"விளக்கைப் போடும்மா முதல்ல."

"போட்டிருக்கு."

"அப்போ யாரோ நெத்தியை வெச்சு அழுக்காக்கியிருக்காங்க. தொடைச்சுக் குடு."

அந்தப் பெண் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மார்லிஸ் மறுபடி பார்த்தாள். பால் நிறத்தில் ஒரு மூட்டம், அதற்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ கறுப்பு. தோன்றிய எழுத்துகளைச் சொன்னாள். நாலாவது வரி கேட்டாள் அந்தப் பெண். மூன்றாவது வரி கேட்டாள். குரல் வரவர மெதுவாகிக்கொண்டே வந்தது. மார்லிஸுக்கு அந்த மென்மைதான் பயமாக இருந்தது.

அவள் திரும்பி லைலைப் பார்த்தாள். அவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் துக்கம் இருந்தது. ஆச்சரியம் துளிகூட இல்லை. அதைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கண்ணுல புரையா இருக்கும்மா," என்றாள் கவுண்டர்ப் பெண், ஒரு படிவத்தை நீட்டிக்கொண்டே. "வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க. சின்ன ஆபரேஷன்தான். டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, கொடுத்துடலாம்."

வண்டிக்குள் ஏறி, அவரவர் சீட்டில் உட்கார்ந்தார்கள். லைல் சாவியைப் போடவில்லை. அலுவலகத்து வாசலில் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போலேருந்து தெரியும்?" என்றாள் மார்லிஸ்.

"மார்ச்லேருந்து. டெக்சஸ் கம்பம்."

"உன் தப்புன்னு சொன்னியே. என் கையைப் பார்க்கலைன்னு."

"உன் கை நல்லாத்தான் தெரிஞ்சுது. வான்னுச்சு. வந்தேன்."

"அப்புறம் அந்த மரம்? அந்தக் குழாய்? நேத்து? தெரிஞ்சும் ஏன்யா வந்தே?"

"நான் இறங்கிப் போய்ப் பார்த்தா உனக்குத் தெரிஞ்சு போயிடுமே."

மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாட்ரன் எழுபத்தோரு மைல். நாய்க்குட்டி விற்பனைக்கு. படி. மனுஷன் ஆறு மாதமாக அவளுக்காகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வயோமிங்ல காடு எரியலையா?"

"தெரியலை. நேத்து வானம் சுத்தமா இருந்துச்சு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீ இப்படியெல்லாம் செய்வேன்னு..."

"இரு," என்று லைல் தடுத்தார். "ரொம்ப உருகாதே. உன் மேல இரக்கப்பட்டு மறைக்கலை. உனக்குப் புரைன்னு தெரிஞ்சா டாக்டர்னு சொல்வே. டாக்டர்னா ரெண்டு மாசம் ஒரே இடம். ஒரே இடத்துல ரெண்டு மாசம் இருந்தா அப்புறம் நீ வண்டியில ஏறமாட்டேன்னு பயம். உன் கண்ணை விட எனக்கு ரோடு பெரிசாப் போச்சு. அதான் நிஜம். உன் கண்ணு இன்னும் கெட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன்."

கோபம் வரவேண்டிய இடம். வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. அவளிடமும் ஒன்று இருந்ததே.

"லைல்," என்றாள். "நீ இன்னிக்கு ஃபெயிலாகணும்னு நான் ஜெபம் பண்ணினேன்."

"என்னது?"

"உனக்குத்தான் கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சேன். ஜூலைலேருந்து ஒரு நாள் விடாம வேண்டினேன். உன் லைசென்ஸ் போகணும்னு. உன்கிட்ட டாக்டரைப் பாருன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? நானும்தான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

லைலுக்கு ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "நாற்பத்தேழு வருஷம் ஒண்ணா வாழ்ந்த லட்சணம்," என்றார்.

"அந்தப் பாறை என்ன கலர்?"

"எது?"

"நேத்து பார்த்தது. மண்ணுன்னு சொன்னேனே."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அடியில் சாம்பல், அதன்மேல் ரோஜா நிறம், அதன்மேல் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள், மறுபடி ரோஜா, உச்சியில் வெள்ளை. மைல் கணக்கில் அதே வரிசை கலையாமல் போகிறது என்றார். சொல்லச் சொல்ல அவர் குரலில் தெம்பு ஏறியது. சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"மார்லி, அதான் விஷயம்! உனக்கு அலுப்பு எதனாலன்னு இப்போ புரியுது. எல்லாம் மண்ணாத் தெரிஞ்சா யாருக்குத்தான் அலுக்காது? கண்ணைச் சரி பண்ணிடுவோம். இங்கயே பண்ணிடலாம், எத்தனை மாசம் ஆனாலும் சரி. அப்புறம் பாரு, நீயே என்னைக் கிளம்பு கிளம்புன்னுவே!"

அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று மார்லிஸ் தனக்குள் நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். பாதி உண்மைதான். ரோஜா நிறமும் மஞ்சளும் இழந்ததில் பாதி அலுப்பு இருந்தது. மற்றப் பாதியைத் தொட்டுப் பார்த்தாள். தட்டுகளின் கிலுகிலு அதில் இருந்தது, முழங்கால் இருந்தது. ஒரே ஜன்னலில் ஒரே மரத்தை வருஷம் பூரா பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்குப் புரை காரணமில்லை.

"கண்ணைச் சரி பண்ணிக்கிறேன்," என்றாள். "சரியானதும் அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போ. நாள் பூரா நின்னு பார்க்கறேன். ஆனா சாயங்காலம் நான் ஒரு வீட்டுக்குத் திரும்பணும், லைல். சக்கரம் இல்லாத வீடு. இந்த ஊரோ வேற ஊரோ, எதுவா வேணாலும் இருக்கட்டும். எனக்கு அலுத்துப் போச்சு. என் கண்ணுக்கு இல்ல. எனக்கு."

சொல்லியே விட்டாள். இவ்வளவு வருஷத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று இப்படி நேருக்கு நேர் யாரிடமும் சொன்னதில்லை.

லைல் சட்டைப் பையிலிருந்து புது லைசென்ஸை எடுத்தார். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துக்குக் கொடுத்திருக்காங்க, மார்லி," என்றார். குரல் உடைந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது மனுஷன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

அழுகிற மனுஷனின் முதுகில் மார்லிஸ் கையை வைத்தாள்.

"தெரியும்," என்றாள். அழுகை ஓய்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை, சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.